வலது கைக்கு மட்டும் குளிர்

ஔலு, பின்லாந்து,
ஜனவரி 19.

அன்பு மகள் சைமிக்கு, அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். ட்ரொம்சோவில் மருத்துவமனை வேலையும் கைக்குழந்தையுமாக நீ ஓடிக்கொண்டிருப்பாய். இங்கே பத்து நாளாக மைனஸ் இருபத்திரண்டு. சைக்கிள் பாதையில் பனியை விடியுமுன்பே வழித்துவிடுகிறார்கள், அதில் குறையில்லை.

எனக்கு ஒரு யோசனை சொல். எந்தக் கையுறை நல்லது? இந்த மாதம் மூன்று ஜோடி வாங்கிவிட்டேன். ஐந்து விரலும் தனித்தனியாக உள்ளதில் விரல் மரத்துப்போனது. விரல் பிரிக்காத கம்பளி உறையில் பிரேக் பிடிபடவில்லை. நண்டுக் கொடுக்கு மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதுவும் சரிப்படவில்லை. இதில் ஒன்றுதான் எனக்குப் புரியவே இல்லை. இடது கை உள்ளே வியர்க்கிறது; வலது கைதான் கட்டையாகிவிடுகிறது. ஒரே ஜோடி, ஒரே காற்று. குளிருக்கு இடது வலது தெரியுமா?

போன செவ்வாய்க்கிழமை பாலத்து இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினேன். அழுத்தியதாகத்தான் நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. எதிரே ஒரு பெண், பின்னால் குழந்தையை உட்காரவைத்து மிதித்து வந்தாள். ஒடித்துத் திருப்பிப் பனிக்குவியலில் விழுந்தேன். அடியில்லை. பண்டகசாலையில் என்னோடு வேலை செய்யும் வெய்க்கோ பின்னாலேயே வந்தவன், "என்ன அண்ணே, பனியில குளியலா?" என்று சிரித்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

மறுநாள் அம்மா என்னைக் கடைக்கு இழுத்துப்போனாள். கடைக்காரி ஏழு ஜோடி எடுத்துப்போட்டாள். ஒவ்வொன்றுக்கும் "கைய மூடுங்க, இன்னும் இறுக்கி" என்றாள். கடைசியில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, "வெறுங்கையோட மூடுங்க பாப்போம்" என்றாள். மூடினேன். வலது கையில் மூன்று விரல் வந்தது, இரண்டு அங்கேயே நின்றது. "கடைக்குள்ள குளிர் இல்லையே ஐயா" என்றவள், எதையும் விற்காமல் அனுப்பிவிட்டாள். வியாபாரம் தெரியாதவள் என்றேன் அம்மாவிடம். "பேசாம வாங்க" என்றாள்.

அன்றிலிருந்து அம்மா ஒரு மாதிரியாக இருக்கிறாள். கேட்காமலே என் தட்டில் இறைச்சியை நறுக்கி வைக்கிறாள். காபியைப் பாதிக் கோப்பைதான் ஊற்றுகிறாள். நேற்று சைக்கிள் சாவியைக் காணோம். கேட்டால், "பஸ்ல போனா கிரீடம் எறங்கிடுமா?" என்கிறாள். பிப்ரவரி ஆறாம் தேதி நரம்பு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாளாம். கையுறை வாங்க மருத்துவர் எதற்கு? கேட்டால் அடுப்பைத் துடைக்கப் போய்விடுகிறாள். துடைத்த அடுப்பையே துடைக்கிறாள்.

நீ தினமும் எத்தனையோ கைகளைப் பார்க்கிறவள். இப்படியும் குளிர் உண்டா? உண்டு என்று எழுது, அம்மாவிடம் காட்டுகிறேன்.

ஈஸ்டருக்கு வருவதாகச் சொல்லியிருந்தாய். ஈஸ்டர் தூரமாக இருக்கிறது. ஆறாம் தேதிக்குள் வர முடிந்தால் வா. அம்மாவுக்குத் துணையாக இருக்கும், எனக்கொன்றும் பயமில்லை.

எழுத்தைப் பார்த்து வேறு யாரோ எழுதியதாக நினைக்காதே. நான்தான். இடது கைக்கு இன்னும் பழகவில்லை.

நீயும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
தாவெத்தி