மே தினத்தில் கேட்ட விளக்கு

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள அத்தானுக்கு,

மரகதம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

ஒரே சந்தோஷம், அதுதான் உடனே எழுதுகிறேன். ஸ்டேஷனிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் போகும் சாலையில் விளக்கே இல்லை. மாலை வகுப்பு முடிந்தால் பெண்கள் இருட்டில்தான் நடக்க வேண்டும். நானும் ஒருநாள் பள்ளத்தில் கால் வைத்துவிட்டேன். லேசான சுளுக்குதான், சரியாகிவிட்டது.

மாணவர்கள் விளக்குக் கேட்டு மே தினக் கிராம சபைக்குப் போனார்கள். அன்று கம்பெனிகளுக்கு விடுமுறை என்பதால் தொழிலாளர்களும் வந்திருந்தார்கள். மாணவர்களைத் திரட்டுவதுதான் என் வேலை, பேசுவது அவர்கள் பொறுப்பு. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவள் அடுத்த வீட்டு அடுப்படியில் கைகட்டி நிற்பது போல இருந்தது எனக்கு.

உள்ளூர் மாணவி ஜுவைரியா எழுந்தாள். பேச்சு வராமல் நின்றாள்.

"இன்னாம்மா, பேச வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?" என்றார் ஒரு தொழிலாளி. எல்லோரும் சிரித்தார்கள். என் வாத்தியார் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

"அண்ணே, ஷிப்ட் முடிஞ்சி நீங்க செல்போன் வெளிச்சத்துலதானே ஊட்டுக்குப் போறீங்க? நாங்களும் அப்டித்தான் போய்க்கினு இருக்கோம். லைட்டு எங்களுக்கு மட்டுமா?" என்று அவரையே திருப்பிக் கேட்டாள் ஜுவைரியா.

கேலி செய்தவர்தான் முதலில் கை தூக்கினார். தீர்மானம் நிறைவேறிவிட்டது!

தடித்த அடியுள்ள என் செருப்பை அனுப்பி வையுங்கள். போனில் பேசும்போது ரேடியோவை அணைக்காதீர்கள். நம் வீட்டுச் சத்தம் கொஞ்சம் கேட்கட்டும்.

"மேடம், கரண்ட் ஆபீஸ்காரங்க வந்துட்டாங்க, சீக்கிரம்!" என்று வாசலில் ஜுவைரியா குதிக்கிறாள். கம்பம் நட இடம் பார்க்கப் போகிறோம்.

உங்கள்
மரகதம்