செவ்வந்தி வளைவு

டப்ளின், கலிபோர்னியா
24.9.2000

அன்புத் தம்பி கதிருக்கு,

அண்ணன் சேனாபதி எழுதுவது. அம்மாவுக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? இங்கே ஸ்வர்ணாவும் குழந்தையும் நலம். நானும் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

அப்பாவைத் தகனம் செய்த மறுநாள் போன் செய்தேன். "நீங்க அங்கயே இருந்துக்கங்ணா" என்று சொல்லி வைத்துவிட்டாய். பிறகு மூன்று முறை கூப்பிட்டும் நீ பேசவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் வேலை உனக்குத் தெரியும். இங்குள்ள பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றைச் சீனாவிலும் கட்டப் போகிறார்கள். அந்த ஊர் ஜனங்களுக்கு ஒத்துவருகிற மாதிரி அதை மாற்றி வரைவது எங்கள் ஆபீஸ். நம் வாஸ்து மாதிரி அவர்களுக்கும் ஒன்று உண்டு. அதற்காக வாசலையே திருப்பி வைத்தோம். நான்கு ஆகாத எண்ணாம். ஓட்டலில் மூன்றாம் மாடிக்கு அடுத்தது ஐந்து என்று போட்டோம். ஒரு வருஷமாக இதே பாடு, அலுத்துவிட்டது.

வாசல் அலங்காரம் என் பொறுப்பு. போன வாரம் சீனாவிலிருந்து வந்தவர்களுக்கு மாதிரி செய்து காட்டினோம். வளைவு முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகச் செவ்வந்தி வைத்திருந்தேன். ஆயுத பூஜைக்கு நம் மில் வாசலில் கட்டுவோமே, அந்த நினைப்பு. யாரையும் கேட்கக்கூடத் தோன்றவில்லை. வந்தவர்களில் வயதான அம்மாள் ஒருவர் பார்த்துவிட்டு, இது துக்க வீட்டுப் பூவாயிற்றே, யார் இறந்தது என்று கேட்டார்.

அதுவரை ஆபீஸில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. அத்தனை பேர் முன்னாலும், என் அப்பா என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுதுவிட்டேன். அந்த அம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்குப் போய் வந்தாயா என்றார்.

கதிர், கிரீன் கார்டு வருகிறவரை நாட்டைவிட்டு வெளியே போனால் மனுவே போய்விடும் என்று உன்னிடம் சொன்னேன். அதில் பாதிதான் நிஜம். சாவுக்கு என்றால் இரண்டே நாளில் அனுமதி வாங்கித் தருவதாக வக்கீல் சொன்னார். சீனாவிலிருந்து வருகிறவர்களுக்கு மாதிரி காட்டும் இந்தக் கூட்டத்தை நினைத்து நான்தான் வேண்டாம் என்றேன். மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளியை உன்னை வைக்க விட்டேன். ஸ்வர்ணாவுக்கே இது நேற்றுத்தான் தெரியும். அவளும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வராவிட்டாலும் அக்டோபர் பதினான்கு கோவை வந்து இறங்குவேன். அம்மாவிடம் உண்மையை நானே சொல்கிறேன். அதுவரை நீ சொல்லாதே.

விமான நிலையத்துக்கு வர வேண்டாம். திட்டுவதையெல்லாம் வீட்டுக்குள் வைத்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நான் வரும்போது வாசலில் வேடிக்கை பார்க்க ஊர் நிற்கும். அவர்கள் முன்னால் ஒரு தடவை மட்டும் "வாங்ணா" என்று கூப்பிட்டுவிடு. நீயும் உன் வீடும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
சேனாபதி