மூன்றாவது கப்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வேப்பம்பட்டில் ஏழு நாற்பது லோக்கலைத் தவறவிட்டேன். வாங்க வேண்டியவை: பேப்பர் கப், மார்க்கர், தலைவலி மாத்திரை.

ஏழாம் வகுப்பு ‘பி’க்கு நியாயமான சோதனை. மூன்று கப், ஒரே மண், கப்புக்கு ஐந்து பாசிப்பயறு நாற்று. தண்ணீர் மட்டும் மாறும். முதல் கப்புக்குத் தினமும் இரண்டு ஸ்பூன், அடுத்ததற்கு ஒன்று, மூன்றாவதற்கு எதுவும் இல்லை.

ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். யமுனா எழுந்தாள். “மிஸ், ஓரத்துல கீற கப்புக்கு மட்டும் வெயில் ஜாஸ்தி படுது. அப்போ ரெண்டு விஷயம் மாறுதில்ல?”

எனக்கே தோன்றவில்லை. மூன்றையும் உள்மேசைக்கு மாற்றினோம். குறிப்பெழுதும் நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

மூன்றாவது கப் பச்சைப்பசேல் என்று நிற்கிறது! விசாரித்தால், பெருக்க வரும் ஆயா.

“நான்தாம்மா ஊத்துனேன். தல தொங்கிகினு இருந்துச்சு. ரெண்டுத்துக்கு ஊத்திட்டு ஒண்ண காயப் போடறீங்களே, உங்களுக்கே நல்லா கீதா?”

வகுப்பே சிரித்தது. நானும். யமுனா சிரிக்காமல் எழுதினாள்: ‘மூன்றாவது கப்புக்கு ஆயா தண்ணீர் ஊற்றிவிட்டார். எத்தனை முறை என்று அவருக்கு நினைவில்லை. அதனால் இந்தச் சோதனை செல்லாது.’

பன்னிரண்டு வயது. இதைவிட நேர்மையான மூன்று வரிகளைச் சமீபத்தில் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

தலைமை ஆசிரியை கூப்பிட்டார். செவ்வாயன்று கண்காட்சி. நோட்டைப் புரட்டினார்.

“செல்லாதுன்னு எழுதினதையா மாட்டி வெப்பீங்க மிஸ்? பேரன்ட்ஸ் வராங்க. காஞ்ச செடி ஒண்ணு வேணும். அந்தப் பக்கத்தையும் மாத்திடுங்க.” அதே மூச்சில், “உங்க நிரந்தர ஆர்டர் தாளாளர் கையெழுத்துக்குப் போயிருக்கு.”

“சரிங்க மேடம்.” எவ்வளவு சுலபமாக வந்தது.

ரயிலில் புத்தகம். ஆவடியில் திறந்த பக்கத்தைத் திருநின்றவூர் வரை திருப்பவில்லை. உண்மைக்காக நின்ற பெண்களைப் பற்றி எத்தனை படித்திருக்கிறேன். வீண்.

ஜூலை 14, திங்கள்

சுள்ளென்ற வெயில். மூன்றாவது கப்பை மொட்டை மாடித் தகரத்தின் மேல் வைத்தேன். மதியத்துக்குள் முடிந்தது.

யமுனாவிடம் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதச் சொன்னேன்.

“ஆயா ஊத்துனாங்களே மிஸ்?”

“அத விடு.”

“அப்போ எப்டி காஞ்சுது?”

“நான் சொல்றத எழுது.”

எழுதினாள். எப்போதையும்விட அழகான கையெழுத்து.

ஜூலை 15, செவ்வாய்

முதல் பரிசு, ஏழு ‘பி’. தாளாளர் காய்ந்த கப்பைத் தூக்கிக் காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஆயா: “நான் ஊத்துனனே, எப்டிம்மா செத்துச்சு?” யாரும் திரும்பவில்லை. நானும்தான்.

ஜூலை 17, வியாழன்

தூறல். ஆர்டர் கைக்கு வந்தது. நிரந்தரம். அம்மாவுக்கு போன். பாயசமாம்.

அடுத்த சோதனை: சர்க்கரை சுடுநீரில் சீக்கிரம் கரையுமா, பச்சைத் தண்ணீரிலா. எல்லோரும் டம்ளரைச் சுற்றி முட்டி மோதுகிறார்கள். யமுனா இடத்தைவிட்டு நகரவில்லை. நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

“இன்னா வரணும்னு மொதல்லயே சொல்லிடுங்க மிஸ். எழுதிடறேன்.”