காணாமல் போன விசிறிப் பனை

கோதன்பர்க்,
4 நவம்பர் 2009

மார்கிட்டுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை. நேற்று டிராமில் நம் பழைய வீட்டைத் தாண்டிப் போனேன். என் விசிறிப் பனை நின்ற இடத்தில் கல் பதித்து, எவனோ கார் நிறுத்தியிருக்கிறான். விவாகரத்தில் உனக்கு வந்த வீடு, விற்றது உன் உரிமை. ஆனால் ஜன்னல் உயரத்துக்கு வளர்ந்த மரத்தை வெட்ட உனக்கு எப்படி மனம் வந்தது? இந்த ஊர்ப் பனியில் குளிர்காலம் தவறாமல் அதைக் காப்பாற்றியவன் நான். நீ ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றியதில்லை. பதில் எழுது.

ஸ்தூரே

9 நவம்பர்

ஸ்தூரேவுக்கு,

வெட்டவில்லை. உயிரோடுதான் இருக்கிறது, இதே ஊரில். எங்கே என்று சொல்ல மாட்டேன்.

என் தங்கையின் அடக்கத்தன்று என்ன சொன்னாய், ஞாபகமிருக்கிறதா? "இன்னைக்குக் கடுங்குளிராம், மரத்துக்குச் சாக்கு சுத்தணும். நீ போயிட்டு வா." தேவாலயத்தில் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அன்று தனியாக நின்றது நான். இப்போது நீ தனியாகத் தேடு.

மார்கிட்

28 நவம்பர்

மார்கிட்டுக்கு,

தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்ததற்கு, அந்த வீட்டுக்காரி நாயை ஏவிவிட்டாள். டிராம் ஓட்டுநர் ஒருவர், "துறைமுகத்துப் பக்கம் ஒரு பனை நிக்குது சார், நானே பாத்தேன்" என்றார். மழையில் நடந்தே போனேன். மதுக்கடை வாசலில் பிளாஸ்டிக் பனை! உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். இடத்தைச் சொல், இல்லாவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

ஸ்தூரே

3 டிசம்பர்

ஸ்தூரே,

பிளாஸ்டிக் பனை பற்றிப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். நோட்டீஸ் அனுப்பு. விவாகரத்து நோட்டீஸ் எழுதிய அதே வக்கீல்தானே, என் விலாசம் அவருக்குத் தெரியும்.

மார்கிட்

19 டிசம்பர்

மார்கிட்,

கண்டுபிடித்துவிட்டேன். ஒரு தபால்காரி துப்புச் சொன்னாள். ஆற்றுக்கு அக்கரையில், ஹிஸிங்கனில், ஒரு சலவைக்கடைக்குப் பின்னால். மண்வெட்டியோடு போனேன். கடைக்காரி பரிபா வழியை மறித்தாள்.

"யோவ், நீதான் அந்த ஸ்தூரேயா? மண்வெட்டியக் கீழ போடு."

"இது என் மரம்மா."

"உன் மரமா? வீட்டை வாங்கினவன் ரம்பத்தோட நின்னான். அந்தம்மாதான் அவன்கிட்டக் கெஞ்சி, தனியா வேரைச் சுத்தித் தோண்டி, லாரி பிடிச்சு இங்க கொண்டாந்தாங்க. கையெல்லாம் கொப்புளம். நீ எங்கய்யா இருந்த?"

மண்வெட்டியைக் கீழே வைத்தேன். சலவை நீராவி வெளியேறும் குழாய்க்குப் பக்கத்தில் நட்டிருக்கிறாய். வெளியே அவ்வளவு பனி, ஓர் ஓலைகூடக் கருகவில்லை. தோண்டாமல் திரும்பிவிட்டேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேனே, ஏன் சொல்லவில்லை? நான் அங்கே போய் வரலாமா?

ஸ்தூரே

27 டிசம்பர்

ஸ்தூரே,

உன் நன்றிக்குப் பயந்துதான் சொல்லவில்லை. அதை வாங்கிக்கொண்டால் உன்மேல் இருக்கும் கோபத்தைக் கொஞ்சமாவது குறைக்க வேண்டிவரும். எனக்கு அந்தக் கோபம் இன்னும் வேண்டும். ரம்பத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே.

இனி எனக்கு எழுத வேண்டாம். பரிபாவிடம் சொல்லிவிட்டேன், உன்னை உள்ளே விடுவாள். வியாழக்கிழமை மட்டும் போகாதே. அன்று நான் போவேன்.

மார்கிட்