அரண்மனை வாசலில் உன் பச்சைக் கைலி

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மகள் மாலிஸ் கும்பிட்டு எழுதுவது. முட்டிவலி தேவலையா? புனோம்பெனில் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

நேற்று ஒரு வேடிக்கை. நம் ஊர்த்தலைவர் மனைவி கிம்லி அரண்மனையும் வெள்ளிக் கோயிலும் பார்க்க வந்தாள், முழங்கால் தெரியும் பாவாடையில். காவலர் என்னிடம் அனுப்பினார். அப்படி வருபவர்களுக்குக் கைலி கொடுப்பதுதானே என் வேலை.

"நல்லதா ஒண்ணு குடும்மா," என்றாள். என்னை அடையாளம் தெரியவில்லை.

தன் மகளின் கல்யாணப் பந்தலில், "இந்த மங்கின துணியோட முன்னால உக்காராத, அடுப்படிக்குப் போ," என்று உன்னை எழுப்பினாளே, அதே பச்சைக் கைலியை என் பையிலிருந்து எடுத்தேன். மத்தியானம் அதைத்தான் தலைக்கு வைத்துப் படுப்பேன்.

"வேற இல்லையா? பிச்சைக்காரி கட்டுறது மாதிரி இருக்கு."

"இதுதான் இருக்கு. வேணாம்னா வெளியிலயே நில்லுங்க."

கட்டிக்கொண்டாள். முடிச்சை நானே இறுக்கினேன். சிம்மாசன மண்டபத்தின் முன்னால் அவளைப் படமும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் மாட்டுவாள், போய்ப் பார்.

ஒரே குறை, கைலியில் இப்போது அவள் சென்ட் வாடைதான் வருகிறது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் உன் பழைய கைலி ஒன்று கொடுத்தனுப்பு.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது, நிறுத்துகிறேன். துவைத்துவிடாதே, அம்மா.

மாலிஸ்