சால்வையில் சுற்றிய சும்மாடு

ஓகஸ்ட் 18, திங்கள்

பேரன் மயூரதன் கனடாவில் இஞ்சினியர். பேத்தி வித்தியா டொக்டருக்குப் படிக்கிறாள். சின்னவன் பிரணவன் நீச்சலில் கப் எடுத்தவன். மூத்த பேத்தி பிரசாந்திக்கு பாங்கில் வேலை, அடுத்த கிழமை கலியாணம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்தப் புகழ் போதாதா? போதாதாம். என் தம்பி பஞ்சலிங்கம், ஐம்பத்தேழு வயது, வரவேற்பில் பிரேக் டான்ஸ் ஆடப் போகிறானாம்.

ஓகஸ்ட் 20

பிரசாந்தியின் தாய், என் மகள் உதயகலா, அழாத குறை. "மாமாவை நிப்பாட்டுங்கோ அம்மா. மாப்பிள்ளையின்ரை அப்பா அதிபர். மனிசன் சிரிக்கிறதே இல்லை. எங்களை என்னெண்டு நினைப்பார்?"

தம்பியிடம் கதைத்தேன்.

"அடுத்த மாதம் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை முழங்கால் ஒப்பரேசன் அக்கா. பிறகு எங்கை ஆடுறது? உன்ரை கலியாணத்திலை ஆடுவன் எண்டு பிரசாந்திக்குச் சின்னனிலையே சொல்லிப்போட்டன்."



ஓகஸ்ட் 22

நினைத்தால் சிரிப்பு. எண்பத்தைந்தாம் ஆண்டில் எங்கள் முற்றத்தில் ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் இரைய இரையப் படம் ஓடும். தமிழ்ப் படங்கள் முடிய, பெடியள் கெஞ்சி ஒரு இங்கிலீசு பிரேக் டான்ஸ் படம் போடுவார்கள். தலையைத் தரையில் ஊன்றிப் பம்பரம் மாதிரிச் சுற்றுவாங்கள்! மறுநாள் ஊரில் ஒரு பெடியனும் நேராய் நடக்கவில்லை. ஒழுங்கையில் விரலோடு விரல் தொட்டு நிற்க, ஒருவன் கையில் கிளம்பின நெளிவு, அதுக்குப் பேர் 'கரண்ட்', மற்றவன் தோளில் போய் இறங்கும். தம்பியும் மற்றப் பெடியள் மாதிரி, அம்மா கடகம் சுமக்கிற துணிச் சும்மாட்டைத் திருடித் தலைக்கு வைத்துச் சுற்றினான். முதல் சுற்றிலேயே கோழிக்கூட்டுக்குள் கிடந்தான். அம்மா வெறுந்தலையில் கத்தரிக்காய்க் கடகத்தோடு மருதனார்மடம் சந்தைக்குப் போனா. வழி முழுக்க அவனுக்கு ஏச்சு.

ஓகஸ்ட் 25

ஆடாதே என்று சொல்ல இரண்டு தரம் வாயெடுத்தேன். இரண்டு தரமும் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

நேற்றுக் கலியாணம் நல்லபடி முடிந்தது. பின்னேர வரவேற்பில் பாட்டுப் போட்டதும் தம்பி இறங்கினான். கையை அலை மாதிரி விட்டான். நல்லாய்த்தான் இருந்தது. ஒரு சுற்றுச் சுற்ற, முழங்கால் பிடித்துக்கொண்டது. நடு மண்டபத்தில் கொக்கு மாதிரி நிற்கிறான். பிரசாந்தியின் முகம் வாடிப்போச்சு. உதயகலா என்னைப் பார்த்த பார்வை — ஐயோ முருகா, நான் சொல்லியிருக்க வேணுமோ?

சம்பந்தி சுபாஸ்கரன், அந்தச் சிரிக்காத அதிபர், எழும்பிப் போனார். ஏசத்தான் போகிறார் என்று நினைத்தேன். தம்பியின் நீட்டின விரலில் தன் விரலை வைத்தார். கரண்ட் அவர் கையால் ஏறி, தோளால் ஓடி, மற்றக் கையால் இறங்கியது! பிறகு தோளில் கிடந்த சரிகைச் சால்வையை உருவி, சும்மாடாய்ச் சுற்றித் தரையில் வைத்தார்.

"ஐசே, முதல் நீர் சுத்தும்."

"மாப்பிள்ளை பகுதிக்குத்தான் முதல் மரியாதை. நீங்கள் சுத்துங்கோ."

இரண்டு பேரும் தலையை வைக்கவில்லை. ஆளை ஆள் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிரசாந்தி ஓடிவந்து நடுவில் நின்று ஆடினாள். உதயகலா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள்.

செப்ரெம்பர் 13, சனி

தம்பிக்கு ஒப்பரேசன் சரி. சம்பந்தி ஒறேஞ்சு கொண்டு பார்க்கப் போனவராம். கட்டிலடியில் கரண்ட் விட்டு விளையாடி, இரண்டு பேரும் நேர்சிடம் ஏச்சு வாங்கினவையாம்.

கலியாணத்துக்கு வந்துபோன மயூரதன் பொம்பிளை மாப்பிள்ளை படத்தைப் போனில் அனுப்பியிருக்கிறான். வடிவுதான். ஆனால் பட்டம் வாங்கின பிள்ளைகளின் படங்களுக்கு நடுவில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அவனுக்குச் சொல்ல வேண்டும்: தரையில் சால்வைச் சும்மாடும், அதைச் சுற்றி அந்த இரண்டு கிழட்டுப் பெடியளும் நிற்க நீ எடுத்த படத்தைப் பெரிசாய் அடித்துத் தபாலில் போடு, மோனே.