மூன்று தடவை கேட்டார்

12 அக்டோபர் 1987, திங்கள்

காலையிலிருந்து மழை. ஜெர்மன்காரர் வந்து இன்று நாலாவது நாள். பெயர் கெல்லர். எங்கள் டீ ஃபேக்டரியில் இலை காய வைக்கிற புது டிரையரைப் பூட்டி, ஓட்டிக் காட்டி, நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும், இவர்கள் தமிழில் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்தில். ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான். குன்னூர் கான்வென்டில் படித்த பாவத்துக்கு இந்த வேலையும் என் தலையில். பாவம் என்று எழுதுகிறேனே தவிர உள்ளுக்குள் பெருமைதான். "நீங்க இல்லாம நடக்காது ஜானகி" என்று மேனேஜர் தனசிங் சார் நாலு பேர் முன்னால் சொன்னார்.

கெல்லர் சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர். ஃபிட்டர் ஒரு நட்டைத் தப்பாக முறுக்கினார். "இது தவறு, மறுபடி செய்யுங்கள்" என்றார், எல்லோர் முன்னிலையிலும். நான் அதை "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்கன்னு சொல்றாருங்க" என்று மாற்றிச் சொன்னேன். தேன் தடவுவதும் என் வேலைதானே.

டிரையர் பார்க்கும் மருதமுத்து அண்ணனுக்கு அவரைக் கண்டாலே நடுக்கம். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலை. தூள் பதமா, கருகலா என்று மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். இன்றைக்கு என்னிடம் தனியாக வந்து, "தொரை மூஞ்சிக்கு நேரா பேசறாருங்க அம்மணி. நமக்கு அப்படிப் பேசி வராதுங்க" என்றார்.

18 அக்டோபர், ஞாயிறு

கெல்லரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் கருணாகரன் அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு நேற்றே காய்கறி வாங்கி வந்துவிட்டார். தோசை, சாம்பார், பீன்ஸ் பொரியல், பால் பாயசம்.

பாயசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "நன்றி, எனக்கு இது பிடிக்கவில்லை" என்றார் கெல்லர். என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் சும்மா இருந்தேனா? "கொஞ்சமா" என்று இன்னொரு கரண்டி ஊற்றினேன். அவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாம் என்று சொன்னேன். பிறகு ஏன் ஊற்றினீர்கள்?" கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

விளக்கினேன். எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதைக்கு. இரண்டாம் தடவை கூச்சத்துக்கு. மூன்றாம் தடவை சொல்வதுதான் நிஜம். யாரிடமும் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். கெல்லர் சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். நான் ஏதோ பெரிய பேராசிரியை மாதிரி உட்கார்ந்திருந்தேன். தோசை மட்டும் நாலு சாப்பிட்டார், ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லாமல்.

27 அக்டோபர், செவ்வாய்

இன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மருதமுத்து அண்ணனிடம் கெல்லர் ஒரு கேள்வி கேட்டார். அண்ணன் போன வருஷத்து மழையில் ஆரம்பித்து, பழைய டிரையர், செத்துப்போன பழைய டீமேக்கர் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் ஒன்று விடாமல் சொன்னேன். கெல்லர் கையைத் தூக்கி நிறுத்தினார். "எனக்குக் கதை வேண்டாம். பதில் வேண்டும். அவர் ஆம் என்கிறாரா, இல்லை என்கிறாரா? அதைச் சொல்வது உங்கள் வேலை."

அவருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த நிமிஷம் சிரித்துக்கொண்டே பிஸ்கட் நீட்டுகிறார். எனக்குக் காது இன்னும் எரிகிறது. இனி ஆம், இல்லை, அவ்வளவுதான். நாளையிலிருந்து பார்க்கட்டும்.

29 அக்டோபர், வியாழன்

விடாத மழை. இலை எல்லாம் சொட்டச் சொட்ட வருகிறது. கெல்லர் டிரையரில் சூட்டைக் கூட்டி, இலையைச் சீக்கிரம் ஓட விட்டுப் பார்க்கலாம் என்றார். மருதமுத்து அண்ணனுக்கு இதில் ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தொரை சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். மழை எலைங்க. நம்ம கைக்கு என்னமோ ஈரமாத் தெரியுதுங்க."

"சரி என்கிறார்" என்றேன் கெல்லரிடம்.

கெல்லர் இரண்டாம் தடவை கேட்டார். "அவரு படிச்சவருங்க. நாம என்னத்தச் சொல்றது." சரி என்கிறார். மூன்றாம் தடவையும் கேட்டார் மனுஷர். அண்ணன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "பாக்கலாம்ங்க" என்றார். சரி என்கிறார்.

"நல்லது. தெளிவாக இருக்கிறது" என்று கெல்லர் என்னைப் பாராட்டினார். நாலரை பஸ்ஸையும் பிடித்துவிட்டேன். இல்லாவிட்டால் ஆறு மணி வரைக்கும் மழையில் நின்றிருக்க வேண்டும்.

6 நவம்பர், வெள்ளி

கெல்லர் கேரளத்தில் இன்னொரு எஸ்டேட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஜனவரியில் மறுபடி வருவார். அவருடைய ரிப்போர்ட் பதினொரு பக்கம், நான்தான் டைப் அடித்தேன். ஏழாம் பக்கத்தில்: "வெப்பநிலையை உயர்த்துவது குறித்து உள்ளூர் வழக்கப்படி ஆபரேட்டரிடம் மூன்று தடவை கேட்கப்பட்டது. மூன்று தடவையும் அவர் ஒப்புக்கொண்டார்."

அடிக்கும்போது விரல் ஒரு நிமிஷம் நின்றது. ஏன் என்று யோசிக்காமல் மேலே அடித்துக்கொண்டு போனேன்.

9 டிசம்பர், புதன்

குன்னூர் ஏலத்துக்குப் போன அக்டோபர் கடைசித் தூள் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது. மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்ற தூளாம். மூட்டைக்குள் கிடந்து பூசண வாசம். ஒரு மூட்டையைப் பிரித்தார்கள். ஆபீஸ் வரைக்கும் நாறியது.

தனசிங் சார் ரிப்போர்ட்டின் ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மருதமுத்து அண்ணனைக் கூப்பிட்டார்.

"மூணு தடவை கேட்டிருக்காரு. மூணு தடவையும் சரின்னுருக்கீங்க. ஈர எலைன்னு இருவத்திரெண்டு வருச ஆளுக்குத் தெரியாதா? உம்ம மூக்கு எங்க போச்சு?"

அண்ணன் ஒரே ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். அவர் சொன்னது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் டைப்ரைட்டரில் பேப்பரை நேராக்கிக்கொண்டிருந்தேன். நேராகத்தான் இருந்தது பேப்பர்.

"தப்புதானுங்க" என்றார் அவர்.

அவரை டிரையர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாளையிலிருந்து சாக்கு ரூமில் சாக்குத் தைக்க வேண்டும்.

10 டிசம்பர்

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். "சார், அவர் ஈரம்னு சொன்னாருங்க, நான்தான் விட்டுட்டேன்." இவ்வளவுதானே.

16 டிசம்பர், புதன்

சாக்கு ரூம் வழியாகப் போக வேண்டியிருந்தது. பெண்கள் வரிசையில் கடைசியாக அவர், பெரிய ஊசியோடு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"உக்காருங்கண்ணா. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேனுங்க மேடம்."

மேடம். இந்த ஆபீசுக்கு நான் வந்த நாளிலிருந்து அம்மணி என்றுதான் கூப்பிடுவார். என் கல்யாணத்துக்கு வந்தவர். கெல்லர் மாதிரி "நீ செய்தது தவறு" என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அப்புறம் நிமிர்ந்திருப்பேன். இதற்கு என்ன செய்வது?

2 ஜனவரி 1988, சனி

இரண்டு தடவை தனசிங் சார் ரூம் வாசல் வரை போனேன். முதல் தடவை போனில் இருந்தார். இரண்டாம் தடவை அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். "என்ன ஜானகி?" என்றார். "ஒண்ணுமில்ல சார், ஸ்டென்சில் தீந்துருச்சு" என்றேன்.

ஸ்டென்சில் ஒரு கட்டு இருக்கிறது அலமாரியில்.

நாலரை பஸ்ஸுக்காகவா? கெல்லர் திட்டினார் என்கிற ரோஷமா? நன்றாகச் செய்கிறாய் என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்ற ஆசையா? மூன்றும்தான். கருணாகரனிடம் சொன்னேன். "விடு, நீ என்ன வேணும்னா செஞ்ச" என்றார். என்னை விட்டுவிட எல்லோரும் தயாராகத்தான் இருக்கிறார்கள். சாக்குத் தைக்கிறவர் மட்டும் அங்கேயே இருக்கிறார்.

12 ஜனவரி, செவ்வாய்

கெல்லர் திரும்பி வந்துவிட்டார். டிரையர் பக்கம் புது ஆளைப் பார்த்ததும் முதல் கேள்வியே, "மருதமுத்து எங்கே?"

சொல்லிவிட்டேன். நின்றபடியே, அவர் மழைக்கோட்டைக் கழற்றும் முன்பே. அண்ணன் சாக்கு ரூமில் இருப்பது, ஈர இலை என்று அண்ணன் சொன்னது, அதை நான் விழுங்கியது, "பாக்கலாம்ங்க" என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலும் வேண்டாம் என்று அர்த்தம், எல்லாம்.

கெல்லர் மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீங்கள் பெரிய தவறு செய்துவிட்டீர்கள்" என்றார். பரவாயில்லை என்பார் என்று மனசின் ஒரு மூலையில் காத்திருந்திருக்கிறேன் போல. அவர் அப்படிச் சொல்லவில்லை. "இரண்டு மாதம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு." தூள் திரும்பி வந்ததிலிருந்து ஒரு மாதம்தான் என்று திருத்த வாயெடுத்தேன். டைப் அடித்த அன்றைக்கே விரல் நின்றதே, அதையும் சேர்த்தால் இரண்டு மாதம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு உட்கார்ந்து புது அறிக்கை சொன்னார், நான் அடித்தேன். "மொழிபெயர்ப்பாளர் ஆபரேட்டரின் எச்சரிக்கையைத் தெரிவிக்கத் தவறினார்." என் பெயரோடு. அடுத்த வரி: "இலையைக் கையில் எடுத்துச் சோதிக்காமல் வெப்பத்தை உயர்த்தியது என் தவறு." அவர் பெயரோடு. இரண்டு வரியையும் ஒரே குரலில் சொன்னார்.

கையெழுத்துப் போட்டு முடித்ததும், "இன்று உங்கள் வீட்டில் தோசை உண்டா?" என்று கேட்டார். அவருக்கு முடிந்துவிட்டது. எனக்குத்தான் அப்படி முடிக்கத் தெரியவில்லை.

13 ஜனவரி, புதன்

தனசிங் சார் அறிக்கையைப் படித்துவிட்டு மேஜை மேல் போட்டார். "முடிஞ்சு போனத எதுக்கு நோண்டுறீங்க? எனக்குத் தனியா சொல்லியிருந்தா நானே பொங்கலுக்கு அப்புறம் நைசா மாத்தி விட்டுருப்பேன்ல. இப்ப ஹெட் ஆபீசுக்கு உங்க பேரும் போகுது, என் பேரும் போகுது."

இனிமேல் துபாஷி வேலை எனக்குக் கிடையாது. டைப் மட்டும். போகட்டும். மருதமுத்து அண்ணனைப் பொங்கல் முடிந்து டிரையருக்கே வரச் சொல்லிவிட்டார்.

20 ஜனவரி, புதன்

அண்ணன் டிரையருக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலம் தொழிலாளர் லைனில் அவர் வீட்டுக்குப் போனேன், தூக்குப்போசியில் முறுக்கும் ரவா லட்டும் போட்டுக்கொண்டு. அவர் சம்சாரம் அஞ்சலை அக்கா பாய் விரித்தார். டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அடுப்படிக்குள் போய்விட்டார்.

"என் மேலதான் தப்புங்கண்ணா. மன்னிச்சுக்குங்க" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனது. பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம். விடுங்க. நம்ம கெரகமுங்க" என்றார் அவர். சிரித்துக்கொண்டே. வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

கெல்லராக இருந்தால் மன்னித்துவிட்டார் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார். நான் இந்த ஊர்க்காரி.

21 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் அஞ்சலை அக்கா வந்தார். தூக்குப்போசியைக் கொண்டுவந்து நீட்டினார். உள்ளே வரச் சொன்னேன். வாசற்படியைத் தாண்டவில்லை.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. அவரு சொல்ல மாட்டாரு. நான் சொல்லிப்போடறேன்."

சொல்லுங்கக்கா என்றேன்.

"சாக்கு ரூமுல இருந்த அத்தன நாளும் அவரு ஊட்டுல டீயே குடிக்கலீங்க. மூக்கு போன ஆளுக்கு டீ எதுக்குன்னாரு. இப்பவும் மிசினுகிட்ட நிக்கறப்ப மூணு ஆள வாசம் பாக்கச் சொல்லிப்போட்டுத்தான் தூள எறக்கறாராம். அவரு மூக்க அவரே நம்பறதில்லீங்க. நீங்க அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இது இல்ல. எங்களுக்கு மனசு ஆறலீங்க. ஆறுமான்னும் தெரியல. பலகாரம் எடுத்துட்டு இனி ஊட்டுப்பக்கம் வராதீங்க."

சத்தமாகப் பேசவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினார். பேசி முடித்தார். நான் போசியை வாங்கிக்கொண்டேன். அவர் இறங்கிப் போனார்.

போசியைத் திறந்து பார்த்தேன். எங்கள் பக்கம் யாரும் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். நன்றாகக் கழுவித் துடைத்திருந்தது. ஒன்றும் இல்லை உள்ளே.

கருணாகரன் குளித்துவிட்டு வந்து, "யாரு வந்தது?" என்று கேட்டார். அஞ்சலை அக்கா என்றேன்.

"என்ன சொன்னாங்க?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.